விலங்கணிதல்: மடல்மா முதல் நெட்டுக்குப்பம் வரை

விலங்கு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் பெருவழக்காக உள்ளன. நிமிர்ந்து நில்லாது குறுக்காக நீண்ட உடலைக் கொண்ட உயிர் விலங்கு. கையிலும் காலிலும் பூட்டப்படும் தளையும் விலங்கு. இவ்விரண்டிற்கும் அடியாக நிற்பது விலங்குதல், அதாவது குறுக்கிடுதல் என்னும் வினை. ஆகவே ஒருவன் விலங்கணிந்தான் என்று சொன்னால், அவன் தளைப்பட்டான் என்றே கேட்போர் கொள்வர். ஒரு குதிரையையோ புலியையோ உடலில் அணிந்து தெருவில் வந்தான் என்று கொள்ளமாட்டார்கள். ஆயினும் தமிழர் வாழ்வில் அவ்வாறு விலங்குருவைச் செய்து, அதனைத் தம் உடலோடு பூட்டிக்கொண்டு, ஊர் நடுவே வந்து நின்ற வரலாறு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு நீளமுடையது.

இன்று மேலைநாட்டுக் கலைக்கூடங்களில் இத்தகைய ஆக்கங்களை அணியும் சிற்பம் என்று வழங்குகின்றனர். பீடத்தின்மேல் நிற்பதற்காக அன்றி, மனித உடல் உள்ளே புகுந்து அசைப்பதற்காகவே அமைக்கப்படுவது அது. காண்போர் முதலில் சிரிக்கின்றனர். சிறிது நேரத்தில் அச்சிரிப்பினூடே ஓர் அச்சமும் புகுகிறது. விளையாட்டும் கலக்கமும் ஒருங்கே தோன்றும் இக்கலை புதுமையானது என்று எண்ணுவோர் பலர். வடிவம் புதிதாகலாம், அதன் உள்ளீடு பழையது. மனிதன் ஏன் விலங்கை அணிகிறான் என்ற வினாவிற்குச் சங்கப் பாடல்களிலிருந்தே விடை தேடத் தொடங்கலாம்.

மடல்மா

தமிழிலக்கியம் காட்டும் பழமையான அணியும் விலங்கு மடல்மா ஆகும். தலைவியைப் பெறவியலாத தலைவன் பனைமடலால் ஒரு குதிரை செய்வான். பனைமடலின் இருபுறமும் வாள்போன்ற கருக்கு உண்டு. அதன்மேல் அமர்வது உடலை அறுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். அக்குதிரைக்கு மணி பூட்டி, மாலை சூட்டி, தானும் எருக்கங்கண்ணி சூடி, ஊர்த்தெருவில் அவன் வருவான். சிறுவர் அதனை இழுத்துச் செல்வர். ஊரார் எள்ளி நகைப்பர்.

இக்காட்சியின் பொருட்களைச் சங்கப் புலவர்கள் மிகக் கவனமாகத் தேர்ந்துள்ளனர். நற்றிணையின் 220ஆம் பாடலில் சிறுமணி கட்டிய அக்குதிரை உணவு உண்ணாத குதிரை என்று குறிக்கப்படுகிறது. தெருவில் கூடவே திரியும் சிறுபிள்ளைகளும் அங்கு இடம்பெறுகின்றனர். குறுந்தொகையின் 182ஆம் பாடலில் வெள்ளெலும்பு அணியாகிறது. கலித்தொகையின் 138ஆம் பாடலில் மயிற்பீலியோடு பூளையும் ஆவிரையும் எருக்கும் சேர்த்துக் கட்டப்படுகின்றன. எருக்கும் பூளையும் நன்னிகழ்ச்சிக்கு எவரும் விரும்பிச் சூடாத பூக்கள். பனைமடல் வேலிக்கும் விறகுக்கும் செல்வது. எலும்பு சுடுகாட்டிற்குரியது. ஊர் தள்ளிய பொருட்களைக் கொண்டே ஊர் தள்ளிய ஒருவன் தன் விலங்கைச் செய்துகொள்கிறான் என்பது நோக்கத்தக்கது. குறுந்தொகையின் அப்பாடலைப் பாடியவர் பெயரே மடல் பாடிய மாதங்கீரனார். ஒரு புலவர்க்கு அடையாளமாகவே நிலைத்துவிடும் அளவிற்கு அக்காட்சி அக்கால மக்கள் மனத்தை உலுக்கியிருக்க வேண்டும்.

மடலேறுபவன் ஊராரிடம் வழக்குரைப்பதில்லை. அவனுடைய சொல் முன்னரே தோற்றுவிட்டது. தோழியிடம் இரந்தான், குறியிடத்தில் காத்திருந்தான், பயனில்லை. இனிச் சொல்லால் ஆகாது என்ற நிலையில்தான் அவன் தன் உடலை ஒரு பொய்க்குதிரையோடு பிணைக்கிறான். ஊரார் சிரிக்கலாம். ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தபின் அவன் துயர் ஊரின் துயராகிவிடும். மடலின் ஆற்றல் அதுவே. திருக்குறளின் 114ஆம் அதிகாரமாகிய நாணுத்துறவுரைத்தலில் வள்ளுவர் மடலைக் காமத்தால் வருந்தியவர்க்கு எஞ்சியிருக்கும் ஒரே வலிமையாகக் காட்டுவதும் இக்கருத்துப் பற்றியே.

இதில் இன்னுமொரு நுட்பமும் உண்டு. குறுந்தொகை, நற்றிணைப் பாடல்களில் மடல் பெரும்பாலும் ஏறப்படுவதில்லை. ஏறுவேன் என்று சொல்லப்படுகிறது. ஏறிய மடலைத் தொல்காப்பியம் பெருந்திணையில் வைத்தது. அஃதாவது, அவ்வுருவத்தைச் செய்வேன் என்று சொன்ன அளவிலேயே தலைவியின் சுற்றம் அஞ்சியது. செய்யப்படாத ஒரு சிற்பம், செய்யப்பட்டதற்கு ஈடான அச்சத்தைத் தந்தது.

பெண்ணுக்கு இவ்வழியும் அடைக்கப்பட்டிருந்தது. மகளிர் மடலேறுதல் எத்திணையிலும் பொருந்தாது என்று தொல்காப்பியம் விலக்கியது. குறளும் அவ்வாறே மடலேறாத பெண்ணின் பொறுமையைப் பெருமையாகப் பேசியது. அவ்விலக்கைத் தாண்டியவர் திருமங்கையாழ்வார். சிறிய திருமடல், பெரிய திருமடல் ஆகிய இரண்டிலும் பெண்ணின் குரலில் நின்று, இறைவன்பொருட்டு மடலேறுவேன் என்று அவர் பாடினார். மரபு யாருக்கு வாயை அடைத்ததோ அவரே இறுதியில் விலங்கை அணியத் துணிவதாகப் பாடுவது தற்செயலன்று.

மரக்காலும் பொய்க்காலும்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று மரக்கால். அவுணர் பாம்பும் தேளுமாய் உருமாறி ஊர்ந்துவர, கொற்றவை மரத்தாலான கால்களை அணிந்து அவற்றை மிதித்து ஆடியது அது. பகை விலங்குருக் கொண்டபோது தெய்வமும் தன் இயல்பான காலோடு எதிர்நிற்கவில்லை என்பது இக்கதையின் சுவை.

மரக்காலின் மேல் குதிரையுடலும் சேர்ந்த கலை பொய்க்கால் குதிரை. புரவியாட்டம் என்ற பெயரும் இதற்கு உண்டு. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நிகழ்ந்த 1676 முதல் 1855 வரையான காலத்தில் இக்கலை அரசவையின் ஆதரவு பெற்றுப் பரவியது என்பர். மூங்கிற்சிம்பால் கூடு கட்டி, காகிதமும் துணியும் ஒட்டி, வண்ணம் தீட்டி, கண்ணாடிச் சில்லுகளும் சரிகையும் பதித்துக் குதிரையின் உடலை அமைப்பர். நடுவில் ஆள் புகும் துளை இருக்கும். அக்கூட்டைத் தோளிலிருந்து வார்கொண்டு தொங்கவிட்டு, இடுப்பைச் சுற்றித் தொங்கும் துணியால் காலை மறைப்பர். ஆடுவோர் காலில் மரக்கட்டைகளைக் கட்டிக்கொள்வர். அரசனும் அரசியுமாக இருவர் ஆடுவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டில் இக்கலைக்குப் பெயர் தேடித்தந்தவர்களுள் தஞ்சாவூர் நாடிராவ் குறிப்பிடத்தக்கவர்.

இக்கலையின் பெயரில் ஒரு நேர்மை இருக்கிறது. குதிரை பொய் என்பதையும், கால் பொய் என்பதையும் அது மறைப்பதில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் பார்ப்பவர் கண் கட்டைக்காலைத் தேடும். தவில் வேகம் கொண்டபின் அக்கண் குதிரையின் துள்ளலை மட்டுமே காணும். பின்னர் ஆடுபவரின் கழுத்தில் வழியும் வியர்வையைக் கண்டதும் மனிதன் மீண்டும் தோன்றுவான். மனிதனும் விலங்கும் மாறிமாறித் தெரிவதே இதன் இன்பம். இரண்டில் ஒன்று முற்றிலும் மறைந்துவிட்டால் கலை கெட்டுவிடும்.

இதற்கு வாசிக்கப்படுவது நையாண்டி மேளம். நையாண்டி என்பதற்குக் கேலி என்பது பொருள். அரசவையில் பிறந்த ஆட்டமாகவே இதனைக் கொண்டாலும், ஊர்க்கோயில் திருவிழாவிற்கு அது வந்து சேர்ந்தபோது பொருள் மாறியது. குதிரை வைத்து ஆளும் வாய்ப்பில்லாத ஒருவர், அரசனுடை பூண்டு, காகிதக் குதிரையில் ஊர்த்தெருவை வலம்வருகிறார். பக்கத்தில் கேலி மேளம் முழங்குகிறது. அரசனைப் போற்றுகிறாரா, பழிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல இயலாது. மடலேறியவனின் கசப்பு இங்கு இல்லை. எனினும், தமக்கு உரிமையில்லாத ஓர் உயரத்தைப் பொய்க்காலால் எட்டிப்பிடித்துச் சில நாழிகை அங்கு நிற்கும் துணிவு இருக்கிறது.

புலியும் சிங்கமும்

மயிலாட்டம், காளையாட்டம், கரடியாட்டம் எனப் பிற விலங்குருவங்களும் தமிழகத்தில் உள்ளன. அவற்றுள் புலியாட்டம் தனித்தன்மையுடையது. பொய்க்கால் குதிரையில் சிற்பம் உடலுக்கு வெளியே நிற்கிறது. புலியாட்டத்தில் தோலே சிற்பமாகிறது. மஞ்சளும் கறுப்புமாக உடல் முழுவதும் வரி தீட்டி, வாலும் காதும் நகமும் பொருத்தி, பறையொலிக்கு ஏற்பப் பாய்ந்தும் பதுங்கியும் ஆடுவர். சிலவிடங்களில் புலியின் இடுப்பில் கட்டிய கயிற்றை மற்றொருவர் பிடித்து நிற்பார். விலங்கு என்ற சொல்லின் இரு பொருளும் ஓருடலில் சேர்ந்திருக்கும் காட்சி அது.

முகரம் நாட்களில் நேர்ந்துகொண்டு புலிவேடம் பூணும் வழக்கம் தமிழகத்தில் சமய எல்லை கடந்து விளங்கியது. சாபர் சரீப் எழுதி, சென்னை மாகாணப் பணியிலிருந்த மருத்துவர் எர்க்லாட்சு ஆங்கிலத்தில் தந்து, 1832இல் இலண்டனில் வெளியான கானூன்-இ-இசுலாம் என்னும் நூல் தென்னாட்டு முகரம் வேடங்களை விரித்துரைக்கிறது. புலிவேடமும் அவற்றுள் அடங்கும்.

அண்டைநாடாகிய கேரளத்தின் திருச்சூரில் ஓணத்தின் நான்காம் நாள் நிகழும் புலிக்களியில் வண்ணப்பொடியை வார்னிசு, எனாமல் போன்ற நெய்ப்புடைய பொருள்களில் குழைத்துப் பூசுகின்றனர். பூசி முடிக்கப் பலமணி நேரமாகும். பூசியபின் படுக்கவோ சாயவோ இயலாது. ஆட்டம் முடிந்ததும் மண்ணெண்ணெய் கொண்டு தேய்த்துத்தான் அவ்வண்ணத்தைக் களைய வேண்டும். வயிற்றில் வரைந்த புலிமுகம் தொப்பையோடு சேர்ந்து குலுங்கும்போது குழந்தைகள் சிரிக்கின்றனர். உள்ளே அந்தத் தோல் எரிந்துகொண்டிருக்கிறது. எண்ணெயும் தோலும் பற்றிய இச்செய்தியைப் பின்னர் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

விலங்கை அணிபவன் விலங்கால் ஆட்கொள்ளப்படும் எல்லையும் உண்டு. மெலட்டூர் பாகவத மேளாவில் ஆண்டுதோறும் நரசிம்ம சயந்தியை ஒட்டி, மெலட்டூர் வெங்கடராம சாத்திரியாரின் பிரகலாத சரித்திரம் நடிக்கப்படுகிறது. அதில் வரும் நரசிம்ம முகமூடி பூசைக்குரியது. அதனை அணிபவர் நோன்பிருந்தே அணிவார். முகமூடி ஏறியபின் அவர் வேகம் கொண்டு பாயும்போது உடனிருப்போர் பிடித்துத் தடுப்பர். அவ்வேளையில் அவையில் சிரிப்பு இல்லை. நையாண்டி மேளத்தின் குதிரைக்கும் மெலட்டூரின் சிங்கத்திற்கும் இடைப்பட்ட வெளியில்தான் அணியும் சிற்பங்கள் யாவும் இயங்குகின்றன எனலாம்.

இக்காலச் சிற்பிகள்

இவ்வெளியில் இக்காலக் கலைஞர்கள் புகுந்த வழியைக் காண்போம். செருமானியக் கலைஞர் இரெபெக்கா ஆர்ன் மாணவப் பருவத்தில் கண்ணாடியிழையும் பாலியெசுட்டரும் கொண்டு முகக்கவசமின்றிச் சிற்பம் செய்தார். அந்நஞ்சு அவர் நுரையீரலைத் தாக்கியது. நெடுநாள் மருத்துவ விடுதியில் படுக்க நேர்ந்தது. எழுந்துவந்தபின் அவர் செய்தவை உடலில் பூட்டும் உருவங்கள். 1970 முதல் 1972 வரை உருவான ஒற்றைக்கொம்பு என்னும் படைப்பில், ஒரு பெண்ணின் தலையில் நெடிய வெண்கொம்பு பட்டைகளால் கட்டப்பட்டிருக்கிறது; அவர் வயல்வெளியில் மெல்ல நடந்து செல்கிறார். தொன்மக் கதையின் விலங்கு போலவும், மருத்துவக் கட்டுப்போட்ட நோயாளி போலவும் ஒருங்கே அவர் தோன்றுகிறார்.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் நிக் கேவ் 1959இல் பிறந்தவர். 1991இல் இலாசு ஏஞ்சலிசு நகரக் காவலர்கள் ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைத் தாக்கிய காட்சி உலகெங்கும் பரவியது. அதனால் மனம் உலைந்த கேவ், சிக்காகோப் பூங்காவொன்றில் உதிர்ந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கி ஓர் உருவம் செய்தார். செய்து முடித்தபின் அதற்குள் புகுந்து நடக்க முடியும் என்பதையும், நடந்தால் அது ஒலிக்கும் என்பதையும் கண்டார். ஒலியுடை எனத்தகும் அவ்வகை ஆக்கங்களை அதன்பின் அவர் ஐந்நூற்றுக்கும் மேலாகச் செய்துள்ளார். எவரும் குனிந்து எடுக்காத சுள்ளியைத் தன் நிலைக்கு உவமையாக அவர் கண்டதும், மடலேறியவன் எருக்கைச் சூடியதும் ஒரே மனநிலையின் வெளிப்பாடுகள்.

2013 மார்ச்சில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்தில் அவர் 30 குதிரைகளை உலவவிட்டார். ஒவ்வொன்றிற்குள்ளும் இரண்டு ஆட்டக்காரர்கள். குதிரைகளின் உடல் முழுவதும் ரஃபியா என்னும் பனைவகை நாரின் பெயரால் வழங்கும் இழைகள் பல வண்ணத்தில் தொங்கின. வேலைக்கு ஓடியவர்கள் நின்று பார்த்தனர். கேவ் சங்கப் பாடலை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பனையிலிருந்து குதிரை செய்து மக்கள் நடமாடும் வழியில் குறுக்கிட வேண்டும் என்னும் எண்ணம் இரு வேறு காலங்களில், இரு வேறு நிலங்களில் தோன்றியுள்ளது.

இந்தியாவில் கௌரி கில் 2015இல் தொடங்கிய படத்தொகுதி இங்கு எண்ணத்தக்கது. மகாராட்டிரத்தின் சவ்கார்ப் பகுதியில் வாழும் கோக்ணா பழங்குடியினர் போகடா என்னும் விழாவிற்கெனக் காகிதக்கூழால் தெய்வ முகமூடிகள் செய்பவர்கள். அங்குள்ள கலைஞர்களான சுபாசு, பகவான் தர்ம கடு சகோதரர்களிடம் கில், தெய்வங்களை விடுத்து அன்றாட வாழ்வின் முகங்களைச் செய்யுமாறு வேண்டினார். மனிதர், விலங்கு, பறவை, பொருள் ஆகியவற்றின் முகங்கள் பிறந்தன. அவற்றை அணிந்தவர்கள் வீட்டிலும் கடையிலும் மருத்துவமனையிலும் வழக்கமான வேலைகளைச் செய்கின்றனர். பறவைத்தலையோடு ஒருவர் அமர்ந்திருக்கும்போது முதலில் வேடிக்கை தோன்றும். பின்னர், முகமூடி இல்லாத நாட்களில் இம்மக்களை எவர் இத்தனை நேரம் நின்று பார்த்தனர் என்ற எண்ணம் எழும். 2017இல் டாக்குமெண்டா கண்காட்சியில் இப்படங்கள் இடம்பெற்றன.

இவ்வனைத்தையும் ஒருங்கே நோக்கினால் ஒரு பொதுமை புலனாகும். சொல் எடுபடாத இடத்தில் மனித உடல் விலங்கை அணிகிறது. மறுக்கப்பட்ட தலைவன், விலக்கப்பட்ட பெண், நஞ்சுண்ட நுரையீரலோடு மீண்ட கலைஞர், அடிபட்ட இனத்தவர், கண்ணுக்குப் படாத பழங்குடியினர் என நிரல் நீளும். அவர்கள் விலங்காகத் தாழவில்லை. மனிதராக நின்றபோது கிடைக்காத பார்வையை விலங்காக நின்று பெறுகின்றனர்.

நெட்டுக்குப்பம்

சென்னைக்கு வடக்கே, இராயபுரமும் திருவொற்றியூரும் கடந்து, கொசத்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். நிலத்தால் அது நெய்தல். மடலேறியவனின் கதையை விரித்துரைக்கும் கலித்தொகைப் பாடல்களும் நெய்தற்கலியில்தான் உள்ளன. பழைய நெய்தல் மக்கள் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. கடல்விலங்கின் உறுப்பு அவர்க்குத் தெய்வம்.

இன்று அவ்வூரைச் சூழ்ந்திருப்பவை அனல்மின் நிலையங்களும், துறைமுகங்களும், எண்ணெய்க் கிடங்குகளும், சாம்பற் குட்டைகளும். 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கரைக்கு வந்தது. மனிதர்கள் வாளிகொண்டு அதனை அள்ளினர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல்மழை பெய்தபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழியிலும் பரவியது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் கைகளாலேயே அவ்வெண்ணெயை அள்ளி எடுத்தனர். முழங்கையும் மார்பும் கறுத்த அவர்களின் உருவங்கள் நாளிதழ்களில் வந்தன.

அதே நாட்களில் கழியில் இரைதேடிய கூழைக்கடாக்களின் வெள்ளிறகும் கறுத்தது. பறவையின் இறகிழைகள் ஒன்றோடொன்று கொக்கியிட்டு நீர்புகாமல் காப்பவை. எண்ணெய் படிந்தால் அக்கொக்கிகள் பிரிந்துவிடும். நீரும் குளிரும் உடலைத் தீண்டும். பறவை அலகால் இறகைக் கோதித் தூய்மை செய்ய முயலும்; அதனால் எண்ணெய் வயிற்றுக்குள் சென்றுவிடும். களைய முயலும்தோறும் நஞ்சு உள்ளிறங்கும் உடை அது.

திருச்சூரில் புலியாக வண்ணம் பூசியவர் மண்ணெண்ணெய் கொண்டு தேய்த்து மறுநாள் மனிதராகிறார். கூழைக்கடாவிற்கு அவ்வழியில்லை. இதுவரை கண்ட வரலாற்றில் மனிதர் விலங்கை அணிந்தனர். எண்ணூர்க் கழியிலோ விலங்கு மனிதரை அணிய நேர்ந்தது. மனிதர் ஆக்கிய பொருள் அதன் உடையாயிற்று. விருப்பமின்றிப் பூட்டப்பட்டமையின் அது தளையும் ஆயிற்று. எண்ணெயை அள்ளிய மீனவரும் கறுத்த உடலோடு நின்றபோது, பறவைக்கும் மனிதருக்கும் வேடம் ஒன்றாகவே இருந்தது.

அவ்வூரார் அதற்கு முன்னும் சொல்லாதவரல்லர். மனு எழுதினர், வழக்காடினர், ஆற்றில் இறங்கி நின்று போராடினர். கசிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் விசாரித்தது. ஆனால் நகரத்தின் பிற பகுதியினரை எண்ணூர்ப் பக்கம் திரும்பச் செய்தவற்றுள் கறுத்த கூழைக்கடாவின் ஒளிப்படத்திற்குத் தனியிடம் உண்டு. ஆண்டுக்கணக்கான சொற்கள் அடையாத பார்வையை ஒரு பறவையின் உடல் அடைந்தது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்று. ஆயினும் மடல் பாடிய மாதங்கீரனார் இதனை அறிந்திருந்தார். சொல் தோற்ற இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லாலேயே அவர் எழுதிவைத்தார். ஏறப்படாத மடலுக்கும் அச்சம் தரும் ஆற்றலைத் தந்தது அவரைப் போன்றோரின் பாட்டே.

வடசென்னையில் உருவம் செய்யும் கை இல்லாமலில்லை. மாசி மாதத்து மயானக் கொள்ளையின்போது அங்காளம்மன் கோயில்களிலிருந்து காளி வேடமணிந்தோர் தெருவில் வருவது அப்பகுதியினர்க்குப் பழகிய காட்சி. படகு கட்டும் கையும், வலை பின்னும் கையும் குப்பங்களில் உள்ளன. அறுந்த வலையும் பனைமட்டையும் கரையில் வேண்டிய அளவு கிடக்கின்றன. அவற்றைக்கொண்டு எவரேனும் ஒரு கூழைக்கடாவைச் செய்து, தோளில் பூட்டி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடந்து வந்தால், அதனைப் புதுமைக் கலை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட இயலாது. பின்னால் சிறுவர்கள் சிரித்துக்கொண்டு ஓடிவருவார்கள். நற்றிணைப் புலவர் அச்சிறுவர்களை முன்னரே பார்த்திருக்கிறார்.